எப்ப இருந்து?

அக்காவோடு பேக்கரிக்குப் போனால் எனக்கு பஸ் தவறிவிடும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அந்தக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் வைத்த மாலு பணிஸ் ஆவி பறக்க அடுக்கியிருக்கும். கண்ணாடியே வியர்த்து வழிகிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அக்காவுக்கு வேண்டும். கடைக்காரச் சிங்களப் பெரியவரைப் பார்த்து, "மொதலாளி, மேக்க அத எக்கத, ஈயே எக்கத?" என்பார். இன்றையதா, நேற்றையதா என்று. "அத எக்க தமய் நோனா," இன்றையதேதான் அம்மா என்று அவர் சத்தியம் பண்ணுவார். "அத கீயட்டத?" என்று இவர் அடுத்ததைத் தொடுப்பார். இன்றைக்கு எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்ல வேண்டுமாம்! அந்த மனிதர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அக்கா ரோட்டைக் கடக்கும்போதே, நோனா வருகிறார், சூட்டுத் தட்டைக் கொண்டு வா என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று பஸ்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன்.

ஹட்டனில் அவருக்கு 'கம்யூனிகேஷன் அக்கா' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேர எதுக்குடி ஊரெல்லாம் கூவி விக்கிற?" என்று சண்டைக்கு வரக்கூடிய ஆள். குவைத்தில் வீட்டு வேலை செய்து சம்பாதித்துக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் கம்யூனிகேஷன் என்கிற டெலிபோன் கடை போட்டிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. எல்லோர் கையிலும் போன் வந்திராத காலம். பேசுவதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு போட்டோ கொப்பி மெஷின், இன்டர்நெட் பார்க்க ஒரு கம்பியூட்டர். மூலையில் இன்னொரு கம்பியூட்டரில் நான் உட்கார்ந்து கல்யாணக் காட், மரண அறிவித்தல், வேலைக்குப் போடுகிற விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். மழை கனத்தால் லைன் போய்விடும். ஹட்டனில் மழை எப்போது கனக்காமல் இருந்தது? பாதி நாள் பிளேன்டீயை வைத்துக்கொண்டு வாயாடுவதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தொழில்.

எதைப் பார்த்தாலும் அக்கா வாயில் வருகிற முதல் கேள்வி, "எப்ப இருந்து?" அந்த டொக்டர் கைராசிக்காரர் என்றால், எப்ப இருந்து? அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒற்றுமை என்றால், எப்ப இருந்து? என் வீட்டுக்காரரை நான் முதன்முதலாக அக்காவிடம் கூட்டிப்போய்க் காட்டியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்போது எங்களுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

"தண்ணி கிண்ணி போடுவீங்களா தம்பி?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஐயையோ, இல்லக்கா. நான் குடிக்கிறதே இல்ல."

"எப்ப இருந்து?"

மனுஷன் முழித்த முழி இருக்கிறதே! என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில், "போன தீவாளிக்குப் பொறகு இல்லக்கா," என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "உண்மைய சொல்லிட்டாரு. ஆளு பரவால்லடி, வச்சிக்க," என்று என் முதுகில் ஒன்று போட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளேன்டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

இந்தக் குணத்தால் நல்லதைத் தவறவிட்டதும் உண்டு. பஜாரில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசம் எங்கள் மாடிக்கே ஏறி வந்து கூப்பிடும். "ஒரு மழக்காலம் போகட்டும்டி. புதுசுல எல்லா கடையிலயும் ருசியாத்தான் போடுவானுங்க," என்று அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் தின்றுகொண்டிருந்தார். நான் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, வேண்டுமென்றே அவர் முன்னால் ஏப்பம் விடுவேன். மழைக்காலம் போயிற்று, கடையும் ருசியும் அப்படியே இருந்தன. அதன்பிறகு அக்கா போய்ச் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு வந்து, தானே அந்தக் கடையைக் கண்டுபிடித்த மாதிரி எனக்கே சொன்னார்! அவரை என்ன செய்வது?

அக்காவுக்கே வயது இரண்டு. அவர் பிறந்தது டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் காம்பரா ஒன்றில். பிறந்தபோது யாரும் பதியவில்லை. எங்கள் ஆட்களில் அப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள். பிரஜாவுரிமையே இழுபறியாகக் கிடந்த காலத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிய யார் அலைந்தது? வளர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்தது உத்தேச வயதுப் பத்திரம்தான். "மாட்டுக்குப் பாக்கிற மாரி பல்லப் பாத்து வயசு போட்டாருடி டொக்டரு," என்று சொல்லிச் சிரிப்பார். அந்த உத்தேசத்தில் நிறைய குறைந்துபோய், பத்திரப்படி அவர் எனக்கு இளையவர். வாக்குவாதத்தில் தோற்கிற மாதிரி இருந்தால், "சட்டப்படி நான் ஒனக்குத் தங்கச்சி. எந்திரிச்சு டீய ஊத்து," என்பார். எது எப்போது பிறந்தது என்பது எங்கேயாவது சரியாகப் பதிந்திருக்க வேண்டும் என்பதில் அந்த மனுஷிக்கு அப்படி ஓர் ஆசை.

அதனால்தான், வெப்சைட்டுக்கும் பிறந்த நாள் உண்டு என்று தெரிந்த அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. கண்டியிலிருந்து கம்பியூட்டர் பழுது பார்க்க வருகிற தம்பிதான் பேச்சுவாக்கில் சொன்னார். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை யாராவது ஓரிடத்தில் பதிந்து வாங்க வேண்டும், பதிந்த நாள் அங்கே இருக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம் என்றார்.

"அதுக்குமா பர்த் சர்டிபிகேட் இருக்கு?" அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "காட்டுங்க தம்பி, காட்டுங்க."

அந்தத் தம்பி ஒரு பக்கத்தைத் திறந்து, ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயரை அடித்தார். வரிவரியாக இங்கிலீஷில் வந்தது. யார் பதிந்தது, என்றைக்குப் பதிந்தது, எதுவரைக்கும் செல்லும், எல்லாம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. பத்திரிகைக்கு எத்தனை வயது, யூனிவர்சிட்டிக்கு எத்தனை வயது, ராசிபலன் சொல்கிறவனுக்கு எத்தனை வயது என்று அக்கா பிடித்துப் பிடித்துப் பார்த்தார். டெலிபோன் பில் வந்த பிறகுதான் ஓய்ந்தார்.

"இதப் பாத்து என்னாக்கா ஆகப் போவுது?" என்று நான் எரிந்து விழுந்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பிற்பாடு எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

"பொய் சொல்றவன் தன் கடைக்கு எத்தன வயசுன்னு வேணும்னாலும் எழுதிக்கலாம்டி. நல்ல நல்ல படம் போடலாம். ஆனா பேரு பதிஞ்ச நாள அவன் இஷ்டத்துக்கு மாத்த ஏலாது. இன்னொன்னு கேளு. ஏமாத்துறவன் ஒரே பேருல ரொம்ப நாள் இருக்க மாட்டான். ஆள் கண்டுபுடிச்சதும் போர்ட கழட்டிட்டு வேற பேருல தொறப்பான். அதனாலதான் அவன் கடை எப்பவுமே புதுசா இருக்கும்."

"அப்ப புதுசா தொறந்தவன் எல்லாம் கள்ளனா? நீங்களும் ஒரு நாள் புதுசாத்தான தொறந்தீங்க?"

"நான் முப்பது வருஷக் கடைன்னு போர்டு போட்டேனா? புதுசுன்னு சொல்லிட்டு புதுசா இருக்கிறவன்கிட்ட எனக்குச் சண்டையே இல்ல. பழசுன்னு சொல்லிட்டு புதுசா இருக்கான் பாரு, அவனத்தான் நான் எப்ப இருந்துன்னு கேப்பேன்."

அது வெளிநாட்டு வேலைப் பித்து தலைக்கேறியிருந்த காலம். இன்டர்நெட்டில் வேலை கிடைத்தது என்று காகிதத்தை நீட்டிக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைகள் படியேறி வருவார்கள். கொப்பி அடித்துக் கொடுப்பதற்கு முன்னால் அக்கா அந்த வெப்சைட்டின் வயதைப் பார்த்துவிடுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். அவர் பேச்சைக் கேட்டுத் தப்பித்தவர்கள் உண்டு. அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டவனும் ஒருவன் உண்டு.

அவன் வட்டகொடைப் பையன். ஹோட்டல் வேலை படித்தவன். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா பார்த்தார். அந்த வெப்சைட்டுக்குப் பதிவில் போட்டிருந்த தேதி போன மாதத்துத் தேதி. "வேணாம் தம்பி," என்றார். அவன் நல்ல பிள்ளை. மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டான். பிறகு அவனோடு படித்தவன் அதே ஹோட்டலுக்குப் போய், கடலுக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். அந்தச் சேதி எங்கள் கடைக்கு வந்த சமயத்தில் கண்டித் தம்பியும் வந்திருந்தார். அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, நீங்க பாத்தது புதுப்பிச்ச தேதி. பதிஞ்ச தேதி வேற வரியில இருக்கு, இந்தா பாருங்க." அந்த ஹோட்டலின் பெயர் எத்தனையோ வருடத்துக்கு முன்பே பதிந்த பெயர்.

அக்கா அப்போதே செருப்பை மாட்டினார். கடையை என் தலையில் கட்டிவிட்டு ரயிலேறி வட்டகொடைக்குப் போனார். போய் அவனிடம் தானே சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது மழையில் நனைந்து முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன சொன்னான்?" என்றேன்.

"டீ ஊத்திக் குடுத்தான்டி. மழையில ஏன்க்கா வந்தீங்கன்னு கேட்டான். நாலு வார்த்த திட்டியிருக்கலாம் அந்தப் பய," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு அக்கா தேதி பார்க்கிற விதமே மாறிவிட்டது. திரையில் விரலை வைத்து, பதிந்தது எந்த வரி, புதுப்பித்தது எந்த வரி என்று எழுத்துக் கூட்டிப் படிப்பார். இப்போதெல்லாம் கையில் இருக்கிற போனிலேயே இதைப் பார்த்துவிடலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் கண்ணாடித் திரையில் அந்த விரல் வரிவரியாக நகர்ந்தது எனக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணில் வந்து நிற்கிறது.

இப்படி அக்கா பயந்து போயிருந்த நேரத்தில்தான் என் தங்கச்சி சாந்தியின் விஷயம் வந்தது.

சாந்தி எங்கள் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது, தொட்டிலாட்டுவது, மூக்குத் துடைப்பது. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரைக்கும் படித்த பிள்ளை. எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள், ஒருவரும் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. எங்கள் கடையிலேயே, இதே கம்பியூட்டரிலேயே உட்கார்ந்து, இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பதில் வந்துவிட்டது. பல நூறு விண்ணப்பங்களில் உன்னுடையதுதான் எங்கள் மனதைத் தொட்டது, உன்னைத் தெரிவு செய்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை வீட்டில் அவள் எத்தனை தரம் வாசித்துக் காட்டினாள் என்று கேட்காதீர்கள். "என்னய தெரிஞ்செடுத்திருக்காங்க அக்கா, என்னய," என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டு, தன் தோட்டையும் அட்டியலையும் விற்க எடுத்து வைத்தார். பாஸ்போட்டையும் விசாச் செலவையும் கொழும்பில் ஓர் ஏஜன்டிடம் கொடுக்க வேண்டுமாம். சாந்தி வேலையை விடப்போவதாகத் தோட்டத்து மானேஜர் துரைக்கும் சொல்லிவிட்டாள்.

அக்கா அந்த வெப்சைட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நீ வாசி," என்றார். நான் வாசித்தேன். கண்டித் தம்பிக்கு டெலிபோன் எடுத்து அவரையும் பார்க்கச் சொன்னார். மூன்று பேருக்கும் ஒரே விடைதான் வந்தது. முப்பது வருட சேவை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தவர்கள், அந்தப் பெயரைப் பதிந்தது போன மாதம். அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு.

மறுநாள் அம்மாவும் சாந்தியும் படியேறி வந்தார்கள். அக்கா இரண்டு பேரையும் உட்கார வைத்து, நிதானமாகச் சொன்னார். சாந்தியின் முகம் கறுத்தது. அம்மாவோ ஒரு போடு போட்டார் பாருங்கள், நான் அசந்துபோனேன்.

"ஏம்மா, போன மாசம் பதிஞ்சா போன மாசம் பொறந்ததா ஆயிருமா? ஒனக்கே உத்தேச வயசுதான? எனக்கும் அப்படித்தான். நம்மள எல்லாம் பொறந்தன்னைக்கா பதிஞ்சாங்க? பதியலன்னா நாம பொறக்கலயா?"

வேறு எந்த ஊரிலும் ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கமாட்டாள். அக்கா எழுந்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரியாத்தான் கேட்டீங்கம்மா. நேத்து பூரா நானும் அதைத்தான் யோசிச்சேன். ஆனா எனக்குப் பத்திரம் இல்லாதப்பவும் சாட்சி இருந்துச்சு. நான் பொறந்து அழுதது லயம் பூரா கேட்டுச்சு. மருத்துவச்சிக்குத் தெரியும், பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். இவங்க முப்பது வருஷமா இருக்காங்கன்னா, போன மாசத்துக்கு முன்னால இவங்கள யாரு பாத்தா? தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒரு பேப்பர்ல இல்ல, ஒரு ஆளு எழுதல, ஒருத்தரும் பேரு சொல்லல. சாட்சியே இல்லம்மா."

சாந்தி வெடுக்கென்று எழுந்தாள். "ஒங்களுக்குப் பொறாமைக்கா. நீங்க குவைத்துல அடுப்படியில கெடந்தீங்க. நான் நல்ல எடத்துக்குப் போறது பொறுக்கல."

"சாந்தி!" என்று நான் கத்தினேன்.

"நீ சும்மா இரு. வட்டகொடைப் பையனுக்கும் இப்படித்தான சொன்னாங்க? அவன் இன்னைக்கு எங்க இருக்கான்?"

அக்காவின் கை அம்மாவின் கையை விட்டுவிட்டது. எனக்குத் தங்கச்சியை அறையலாம் போல இருந்தது.

"ஆமா," என்றார் அக்கா. "அவனுக்கு நான் தப்பா சொன்னேன். அதனாலதான் ஒன்னோடத திரும்பத் திரும்பப் பாத்தேன்."

"இப்பவும் தப்பா இருந்தா?"

"இருக்கலாம் சாந்தி. நான் இல்லேங்கல. ஒன்னு செய்யி. பாஸ்போட்ட ஏஜன்டுகிட்ட குடுக்காம, விசா குடுக்கிற எடத்துக்கு நானே கொண்டு போறேன்னு எழுதிக் கேளு. நல்லவங்கன்னா சரிம்பாங்க."

சாந்தி கோபத்தோடேயே உட்கார்ந்து எழுதினாள். அதற்கு வந்த பதிலில் அவள் கேட்ட கேள்விக்கு விடை இல்லை. உடனே அனுப்பாவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மட்டும் இருந்தது. கடைசியில் அம்மாதான் முடிவு சொன்னார். "சாட்சி இல்லாத எடத்துக்கு எம்புள்ளய அனுப்ப மாட்டேன்," என்று நகையை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாந்தி சுவரைப் பார்த்துப் படுத்தவள், சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். பிறகு எழுந்து, வெட்கத்தை விட்டு, துரையிடம் சொல்லி, புள்ளக்காம்பராவுக்கே திரும்பிப் போனாள். அக்காவோடு பேச்சை அடியோடு விட்டுவிட்டாள். எங்கள் கடைப்படியை மிதிக்கவில்லை. வேறு எதற்கும் எழுதிப் போடவும் இல்லை.

அந்த வெப்சைட் மட்டும் போகவில்லை. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. சாந்தி வேறு கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒங்க அக்காகிட்ட சொல்லு, அது இன்னும் இருக்கு, நல்லாவே இருக்குன்னு," என்பாள். பிறகு, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

ஆனால் அக்கா நிறுத்தவில்லை. காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தியதும் முதல் வேலை அதைத் திறப்பதுதான். அந்தக் காலத்து லைனில் படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வரும். முதலில் மரங்கள், பிறகு புல்வெளி, பிறகு நாற்காலியில் சிரித்துக்கொண்டிருக்கிற வெள்ளைக்காரப் பாட்டிமார். முழுப் படமும் வந்ததும் அக்கா மூச்சு விட்டு மூடுவார். எனக்குச் சிரிப்பாக வரும். "எப்ப விழும்னு பாத்துக்கிட்டே இருக்கீங்களாக்கா? ஜெயிச்சாத்தான் ஒங்களுக்குத் தூக்கம் வரும் போல," என்று சீண்டுவேன். அவர் கொப்பி மெஷினைத் துடைக்கப் போய்விடுவார்.

ஒருநாள் காலை அது வரவில்லை. லைன் கோளாறு என்று நினைத்து மற்றதைத் திறந்து பார்த்தோம். எல்லாம் வந்தன. இது மட்டும் இல்லை. அப்படி ஒரு பக்கமே கிடையாது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. மத்தியானமும் பார்த்தோம், அடுத்தடுத்த நாளும் பார்த்தோம். இல்லை. நான் நாற்காலியை விட்டுத் துள்ளிக் குதித்தேன். "ஜெயிச்சிட்டீங்கக்கா! இந்தா இப்பவே போயி அந்தத் திமிர் புடிச்சவகிட்ட சொல்லிட்டு வாறேன்."

திரும்பிப் பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"என்னாக்கா?"

"நான் என்னமோ அது விழணும்னு பாத்தேன்னு நெனச்சியாடி? தெனமும் இருக்கணும், இருக்கணும்னுதான் தொறந்தேன். நெசமாவே அப்படி ஒரு எடம் இருந்து, நான்தான் தப்புன்னு ஆகியிருந்தா, இன்னொரு தடவ எழுதிப் போட்டாவது அந்தப் புள்ள போயிருக்கும்ல? அந்த மொகத்துல எவ்வளவு சந்தோசம் இருந்துச்சு."

இத்தனை நாளாக நான் அவரைப் பற்றி என்ன நினைத்துவிட்டேன்! "சரிக்கா, எப்படியோ தப்பிச்சாளே, அத அவகிட்ட சொல்ல வேணாமா?" என்றேன்.

"சொல்லாத." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சத்தியமா சொல்லாத. அவ மனசுல ஒண்ணே ஒண்ணுதான்டி இருக்கு. தன்னய ஒரு எடத்துல தெரிஞ்செடுத்தாங்கன்னு. அதுவும் பொய்யின்னு தெரிஞ்சா அவ தன்னயேதான் திட்டிக்குவா. என்னய திட்டுனா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது. தன்னய திட்டிக்க ஆரம்பிச்சிட்டா பொறகு எதுக்குமே எழுதிப் போட மாட்டா."

ஒரு வாரம் போயிருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாந்தி. கையில் அவளுடைய சர்டிபிகேட்களும், விண்ணப்பத்தோடு ஓர் உறையும் இருந்தன. நுவரெலியாவில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம், அம்மா விடாமல் நச்சரித்தாராம், கீழே மற்றக் கடையில் கொப்பி மெஷின் பழுதாம். இவ்வளவையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், அக்கா பக்கம் திரும்பவே இல்லை. போடலாமா வேண்டாமா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது என்றும் சொன்னாள். அக்கா எழுந்து வந்து சர்டிபிகேட்களை வாங்கி, தானே ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சாந்தி தாடையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள். "அந்த எடம் இன்னும் இருக்காக்கா?"

ஒரு மாலு பணிஸுக்குக்கூடப் பொய்த் தேதியைப் பொறுக்காத மனுஷி. தேதி விஷயத்தில் அவர் வாயில் ஒரு பொய் வந்து நான் கேட்டதே இல்லை. அக்கா மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"இருக்கு."

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன. இப்ப ஆள் எடுக்கிறத நிப்பாட்டிட்டாங்க. ஆனா இருக்கு."

"அப்ப நெசமாத்தான் என்னய தெரிஞ்செடுத்தாங்க. நீங்கதான் கெடுத்தீங்க."

"ஆமாம்மா," என்றார் அக்கா. "நான்தான் கெடுத்தேன்."

சாந்தியின் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. கொப்பிகளை வாங்கி மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். என் பேனையைக் கேட்காமலே எடுத்து, உறையில் விலாசத்தை எழுதி, கொப்பிகளை உள்ளே வைத்து, நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினாள். காசை வைத்துவிட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், படபடவென்று படியிறங்கிப் போய்விட்டாள். எனக்கு அவள் பின்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே மழை தூறிக்கொண்டிருந்தது. சாந்தி உறையைத் தாவணிக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, பஸ்களுக்கு இடையில் புகுந்து, தபால் கந்தோர்ப் பக்கம் நடந்தாள். நடுவில் ஒரு தடவை நின்றாள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் மறுபடியும் நடந்தாள்.

"போட்டுட்டாடி," என்று அக்கா என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் வழிய, வாய்கொள்ளாமல் சிரித்தார். "பெட்டியில போட்டுட்டா."